பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பானுமதி

பானுக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. அவர் மேல் இல்லை. அவரிடம் வேலையை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் வேறு ஆளுக்கு எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் மேல். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

என் பெயர் பஸீலா. வீடு மன்னார்புரம், வேலை அரியமங்கலம் தொழிற்பேட்டையில். எங்கள் கம்பெனி வாழைநார் பிரிக்கும் மெஷின் செய்கிறது. தார் வெட்டின பிறகு தோப்பிலேயே கிடந்து அழுகும் மரத்தை மட்டை மட்டையாக உரித்து மெஷினுக்குள் விட்டால் அந்தப் பக்கம் நாராக வரும். மெஷினின் படம் வரைவது என் வேலை. ஆன்லைன் மீட்டிங் என்றால் லிங்க் அனுப்புவது, ஆட்களை உள்ளே விடுவது, யாருடைய மைக்கை அடைப்பது, யாருடையதைத் திறப்பது என்று பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். மெஷினை விற்பது பானுக்கா.

முழுப்பெயர் பானுமதி. நாற்பத்தாறு வயது. பிறந்த ஊர் முசிறி, வாழை போட்ட குடும்பம். வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கத்தில். வீட்டுக்காரர் பீமராவ் ரயிலடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் காதலித்து, மராத்தி பேசும் அந்த வீட்டையும் முசிறி வீட்டையும் மாற்றி மாற்றிப் பேசிச் சம்மதிக்க வைத்த கல்யாணம். "அக்கா, நீங்க பிடிச்ச முதல் கஸ்டமர் ராவ் சாரா, இல்ல உங்க மாமியாரா" என்று நான் கேட்பேன். "மாமியாரு. ராவ் இன்னும் வாங்கலை" என்பார்.

பி.காம். முடித்த கையோடு இந்தக் கம்பெனிக்கு வந்தவர். சேர்ந்த புதிதில் ஒரு பையில் நார், ஒரு பையில் மெஷினின் படம், இவ்வளவுதான் கையில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி முசிறி, தொட்டியம், குளித்தலை என்று அலைவார். தோப்புக்குள் இறங்கி நின்று பேசினால் கேட்காமல் போகிற ஆள் கிடையாது. எங்கள் மெஷின் இன்று பத்து மாவட்டத்தில் ஓடுகிறது என்றால் அதில் பாதிக்கு மேல் அவர் செருப்புத் தேய்ந்ததில் ஓடுவது. இதை முதலாளியே ஒப்புக்கொள்வார், பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது.

பிறகு எல்லாம் ஆன்லைனுக்குப் போனது. வாங்குகிறவர்கள் அஸ்ஸாமில் இருந்தார்கள், ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். பஸ் ஏறிப் போய்த் தோப்பில் நின்று பேச முடியாது. பானுக்கா முதல் தடவை ஒன்றரை மணி நேரம் திரையைப் பார்த்துப் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் ஒவ்வொருவராகக் கேமராவை அணைத்தார்கள். கடைசியில் இருந்தது எல்லாம் கறுப்புக் கட்டம், கறுப்புக் கட்டத்தில் பெயர். ஒரு கட்டத்திலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. பானுக்கா பேசிக்கொண்டே இருந்தார், நான் அந்த மைக்கை மட்டும் அடைத்தேன்.

மீட்டிங் முடிந்ததும் அவர் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. "ரெக்கார்டிங்கைக் குடு பஸீலா" என்றார். வீட்டுக்குக் கொண்டு போய் முழுவதையும் கேட்டிருக்கிறார். மறுநாள் வந்தவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"அவனுங்க தூங்கினது தப்பே இல்லடி. எனக்கே தூக்கம் வந்துச்சு. மூச்சு விடாம நானே பேசிட்டிருக்கேன். ஒருத்தரை ஒரு வார்த்தை கேக்கலை."

"நடுவுல நடுவுல 'எனி கொஸ்டின்ஸ்'னு கேட்டீங்களே அக்கா."

"அது கேள்வியா? யாரைக் கேட்டேன்? ஊரைக் கேட்டேன். ஊரைக் கேட்டா யாரு பதில் சொல்லுவா? கேட்டுட்டு ரெண்டு செகண்டு கூடப் பொறுக்கலை, நானே அடுத்ததுக்குத் தாவிட்டேன்."

அன்றைக்குப் பிடித்தார் ஒரு பிடி. எவ்வளவு நீள மீட்டிங் ஆனாலும் அதைத் துண்டு போட்டார். கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் படம், கொஞ்சம் அவர்கள் கையால் செய்ய ஒரு வேலை, பிறகு ஒரு கேள்வி. கேள்வியை ஊருக்குக் கேட்க மாட்டார். ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் திணறினாலும், எங்களுக்கு இங்கே உடம்பெல்லாம் கூசினாலும், வாயைத் திறக்க மாட்டார். அந்த அமைதியில்தான் ஆள் தன் உண்மையான கஷ்டத்தைச் சொல்கிறான் என்பது அவர் கண்டுபிடித்தது. ஒரு வருஷத்தில் எங்கள் மீட்டிங்கில் கறுப்புக் கட்டங்கள் குறைந்தன. இரண்டு மணி நேரம் ஆனாலும் முகங்கள் இருந்தன.

இவ்வளவும் செய்கிற மனுஷிக்குக் கம்பெனியில் பெயர் சீனியர் எக்ஸிக்யூட்டிவ். பத்து வருஷமாக அதே பெயர். சேல்ஸ் ஹெட் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஹெட் செய்ய வேண்டிய வேலையெல்லாம் பானுக்கா செய்தார். ஆனால் எந்த மீட்டிங்கை எப்போது வைப்பது, யார் பேசுவது, யாருக்கு எந்த விலை என்று சொல்கிற அதிகாரம் ஹெட்டுக்குத்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் முதலாளி கேபின் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த நாற்காலியைப் பானுக்கா விரும்பினார். வெளிப்படையாகவே விரும்பினார். அதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

முதலாளி அழகர்சாமி கெட்ட மனிதர் இல்லை என்று எழுத வேண்டும் போலத்தான் இருக்கிறது, கை வரவில்லை. நேரம் பார்க்கிறவர். நேரம் பார்ப்பது என்றால் உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் பார்ப்பது போல இல்லை. பட்டறையில் புது மெஷினின் ஸ்விட்சை ராகு காலத்தில் போடக்கூடாது. விலையை ராகு காலத்தில் வாயால் சொல்லக்கூடாது. ராகு காலத்தில் மீட்டிங் வந்துவிட்டால் அதற்கு முன்னாலேயே லிங்கைத் திறந்து, விளக்கேற்றி, 'ஆரம்பித்துவிட்டது' என்று கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு நம் ஊர்க் கணக்கில் ராகு காலமா, அவன் ஊர்க் கணக்கில் ராகு காலமா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "துலுக்கப் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னால் வலிக்காது என்று நினைக்கிறவர்களில் அவர் ஒருவர்.

அவருடைய மாப்பிள்ளை மாதவன் பெங்களூரில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை சார். மட்டைக்கும் தண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கம்பெனியின் வரலாறு என்று ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். அதில் மலைக்கோட்டை மேலிருந்து ட்ரோன் பறக்கும், பின்னணியில் நாதஸ்வரம், நடுவில் முதலாளி கைகூப்புவார். மெஷின் கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

இந்த நேரத்தில்தான் உகாண்டாவிலிருந்து மெஷினை விசாரித்து மெயில் வந்தது. அங்கே வாழை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம். வாங்கினால் ஒரு மெஷின் இல்லை, ஊருக்கு ஊர் வைக்கிற அளவுக்கு வாங்குவார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் அதுவரை வந்ததே இல்லை. மாதா மாதம் நடக்கும் டீலர் மீட்டிங்கில், எல்லா ஊர் டீலர்களும் கேட்கும்படி முதலாளி அறிவித்தார்: "இந்த ஆர்டரை யாரு முடிக்கிறாங்களோ, அவங்கதான் சேல்ஸ் ஹெட். இது என் வாக்கு."

பானுக்கா அன்று சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவிலிருந்து நெய்ச்சோறு எடுத்துத் தின்றார். சந்தோஷமாக இருந்தால் மட்டும்தான் அடுத்தவர் டப்பாவில் கை வைப்பார்.

உகாண்டாக்காரர்கள் கொடுத்த நேரம் வெள்ளிக்கிழமை அவர்கள் ஊரில் காலை எட்டு மணி. நமக்குப் பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என்ன காலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. நேரத்தை மாற்றச் சொல்லி மெயில் போடச் சொன்னார், போட்டேன். உறுப்பினர்கள் கிராமங்களிலிருந்து அன்றைக்குத்தான் டவுனுக்கு வருவார்கள், மாற்ற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"சரி. பத்து இருபதுக்கு லிங்கைத் திறந்துடு. நான் விளக்கேத்திடறேன்" என்றார் என்னிடம். பானுக்காவிடம் திரும்பினார். "பன்னெண்டு வரைக்கும் மெஷினைப் போடக்கூடாது, விலை வாயில வரக்கூடாது. அதுவரைக்கும் நீ பேசிட்டு இரு."

"ஒன்றரை மணி நேரமா சார்? மெஷினைக் காட்டாம?"

"நீதான் நல்லாப் பேசுவியேம்மா."

கேபினை விட்டு வெளியே வந்ததும் பானுக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "மெஷின் விக்கச் சொல்றாரு, மெஷினைக் காட்டாதேங்கறாரு. என்னை என்ன, பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் சபையில கூத்தாடுன்னு விடறாரா?" என்றார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் வேலையை விட்டிருப்பேன். அவர் நேராக என் சிஸ்டம் முன்னால் வந்து உட்கார்ந்து, உகாண்டா சங்கத்தின் தலைவி நகாட்டோ என்கிற அம்மாளுக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னார். வரும்போது ஒவ்வொரு உறுப்பினரும் தன் தோட்டத்து வாழைமட்டை ஒன்றும், மழுங்கிய கத்தி ஒன்றும் கொண்டு வர வேண்டும். அதுதான் மெயில்.

மாப்பிள்ளை சார் அதைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "மேடம், வெளிநாட்டு கிளையண்ட்டுக்குக் கத்தி எடுத்துட்டு வாங்கன்னா எழுதுவீங்க? புரொஃபஷனலா இருக்க வேணாமா? ஹிஸ்டரி வீடியோ இருக்குல்ல, அதைப் போட்டாலே டைம் ஓடிடும்."

"டைம் ஓடிடும் சார். ஆளும் ஓடிடுவாங்க" என்றார் பானுக்கா.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி விளக்கேற்றி, கேபினில் போய் உட்கார்ந்து, கேமராவை அணைத்துக்கொண்டு மீட்டிங்கில் இருந்தார். அவர் இருப்பது அவர் பெயர் போட்ட கறுப்புக் கட்டத்தில் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு கூடத்தில் பாதிப் பேர், மீதிப் பேர் அவரவர் ஊரிலிருந்து போனில். எல்லோர் மடியிலும் வாழைமட்டை.

பேச்சு இங்கிலீஷில்தான். பானுக்காவின் இங்கிலீஷ் முசிறி இங்கிலீஷ், நகாட்டோ அம்மாளின் இங்கிலீஷ் அவர் ஊர் இங்கிலீஷ். இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாகவே புரிந்துகொண்டன. "தார் வெட்டின மரத்தை என்ன செய்யறீங்க?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார் பானுக்கா. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்படியே விட்டுவிடுகிறோம் என்றார் ஒருவர். வண்டு வருகிறது என்றார் ஒரு கிழவர். அதை அப்புறப்படுத்தத்தான் என் முதுகு போகிறது என்று ஒரு பெண் சொன்னபோது கூடத்தில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பிறகு, மட்டையைப் பலகையில் வைத்து மழுங்கின கத்தியால் எப்படி வழிப்பது என்று காட்டினார். அவர்களும் வழித்தார்கள். ஒருவருக்கு நார் அறுந்தது, ஒருவருக்கு நீளமாக வந்தது. நீளமாக வந்தவர் அதைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டினார், மற்றவர்கள் கேலி செய்தார்கள். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. ஒரு கட்டம் கூடக் கறுக்கவில்லை. நான் வேலையை மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகாட்டோ அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "எங்க கை கடுக்குது. மெஷின் எவ்வளவு பெரிய உதவின்னு இப்பப் புரியுது. அதை ஓட்டிக் காட்டுங்க. விலையையும் சொல்லுங்க. எங்கள்ல நாலு பேரு ஒன்பதேகாலுக்குக் கிளம்பணும், பஸ் போயிடும்."

அவர்களுக்கு ஒன்பதேகால் என்றால் நமக்குப் பதினொன்றே முக்கால். பன்னிரண்டு வரை இருக்க மாட்டார்கள்.

பானுக்கா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சார் உள்ளே பாய்ந்தார். "நிச்சயமா. அதுக்கு முன்னாடி எங்க நிறுவனரைப் பத்தி ஒரு சின்னப் படம்" என்று தன் திரையைப் பகிர்ந்துவிட்டார். நாதஸ்வரம் ஆரம்பித்தது. மலைக்கோட்டை வந்தது. அந்தப் பக்கம் போனில் இருந்தவர்களின் முகங்கள் அணைய ஆரம்பித்தன. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு நான்கைந்து சேர்ந்தாற்போல. கூடத்தில் ஒருவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். ஒரு மணி நேரம் ஒருத்தி உயிரைக் கொடுத்துக் கட்டியதை இந்த மனிதர் ட்ரோன் விட்டு இடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பானுக்கா தன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் போனிலும் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் பட்டறைக்கு நடந்தார். மெஷின் பக்கத்தில் ஆபரேட்டர் வீரமலை மட்டைகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தார்.

"ஸ்விட்சைப் போடுங்க வீரமலை."

"பன்னெண்டு ஆகலையே மேடம். முதலாளி கொன்னுடுவாரு."

"தள்ளுங்க."

அவரே போட்டார். மெஷின் உறுமியது. நான் மாப்பிள்ளை சாரின் படத்தை நிறுத்திவிட்டு பானுக்காவின் போனைத் திரை முழுக்கக் கொண்டுவந்தேன். வீரமலை மட்டையை உள்ளே விட, அந்தப் பக்கம் நார் வந்து விழுந்தது. அவர்கள் இவ்வளவு நேரம் கை கடுக்க வழித்தது ஒரு மூச்சில் வந்துகொண்டே இருந்தது. அணைந்த முகங்கள் திரும்பின. பை மாட்டினவர் மறுபடி உட்கார்ந்தார்.

அப்போதுதான் முதலாளியின் மைக் திறந்தது.

"ராகு காலத்துல எவடி ஸ்விட்சைப் போட்டது? நிறுத்துடி. என் குடியைக் கெடுக்கவா சோறு போட்டு வச்சிருக்கேன் உன்னை?"

உகாண்டா வரை கேட்டது. அவருடைய மைக்கை அடைக்கிற பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் அடைக்கவில்லை. ஏன் அடைக்க வேண்டும்? இருபது வருஷமாகக் கேபினுக்குள் மட்டும் கேட்ட குரல், ஒரு நாள் வெளியேயும் கேட்கட்டும் என்று விட்டேன்.

நகாட்டோ அம்மாள் கேட்டார்: "அவர் என்ன சொல்றாரு?"

பானுக்கா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். வேர்த்திருந்தது. "எங்க முதலாளி. இது கெட்ட நேரமாம். பன்னெண்டு மணிக்கு முன்னாடி மெஷினைப் போடக்கூடாதாம், விலை சொல்லக்கூடாதாம். உங்க பஸ் போயிடும்னு நான் போட்டுட்டேன். அதுக்குத் திட்டறாரு."

நகாட்டோ அம்மாள் சிரித்தார். "எங்க சங்கத்துலயும் இப்படி ஒருத்தர் இருக்காரு. அவரு இன்னைக்கு வரலை. நீங்க விலையைச் சொல்லுங்க."

பானுக்கா சொன்னார். பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

சில நாளில் ஆர்டர் வந்தது. பட்டறையில் பூஜை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். முதலாளி மைக் பிடித்தார். அன்றைக்குப் பத்து இருபதுக்கே விளக்கேற்றியதால்தான் இந்த ஆர்டர் வந்தது என்றார். நடுவில் நடந்த ஒரு தவறுக்காகத் தான் தனியாகப் பரிகாரம் செய்ததைச் சொன்னார். கம்பெனியின் வரலாற்றை உலகத்துக்குக் காட்டிய மாதவன்தான் இனி சேல்ஸ் ஹெட் என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் நின்றேன். கை தட்டினவர்களில் பாதிப் பேரைப் பானுக்காதான் வேலைக்குச் சேர்த்துவிட்டது. அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

சாயங்காலம் முதலாளி பானுக்காவைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். அடுத்த டீலர் மீட்டிங்கில், நீள மீட்டிங்கில் ஆளை எப்படி உட்கார வைப்பது என்று பானுக்கா எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். "மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் சொல்லிக் குடும்மா. ஹெட் ஆயிட்டாரு, தெரிஞ்சிருக்கணும்ல."

பானுக்கா சரி என்றுவிட்டார்.

நான் வெடித்தேன். "அக்கா, உங்களுக்குச் சூடு சொரணையே இல்லையா? நாற்காலியையும் பிடுங்கிட்டு, அதுல எப்படி உக்கார்றதுன்னு நீங்களே சொல்லிக் குடுக்கணுமாமே?"

"ஆமா. சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றார். "அந்த வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங்கைக் குடு." நான் பென் டிரைவை மேஜையில் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டேன். அந்த வாரம் முழுக்க அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

டீலர் மீட்டிங் சனிக்கிழமை. ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை என்பதால் முதலாளி பதினொன்றுக்கு வைத்தார். பத்து மாவட்டத்து டீலர்களும் ஆன்லைனில் வந்தார்கள். மாப்பிள்ளை சார் சேல்ஸ் ஹெட்டாக நாலு வார்த்தை பேசித் தொடங்கி வைத்தார். அந்த நாலு வார்த்தை முடிவதற்குள் பாதிக் கட்டங்கள் கறுத்துவிட்டன. பிறகு பானுக்கா வந்தார்.

"நான் பேசப் போறதில்லை. ஒண்ணு காட்டறேன், பாத்துட்டு நீங்க சொல்லுங்க" என்று அந்த ரெக்கார்டிங்கைப் போட்டார். உகாண்டாக்காரர்கள் மட்டை வழிக்கும் இடம். டீலர்கள் சிரித்தார்கள், கேமராக்கள் திறந்தன. பிறகு நாதஸ்வரம் வந்த இடம். படத்தை நிறுத்தினார்.

"நல்லுசாமி அண்ணே. முகமெல்லாம் ஏன் போச்சு? நீங்க சொல்லுங்க."

நல்லுசாமி முசிறி டீலர். பானுக்கா பஸ்ஸில் பையோடு வந்த காலத்திலிருந்து அவரைத் தெரிந்தவர். பழைய ஆள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைத் தவிர வேறு தந்திரம் தெரியாது.

"மெஷினைக் கேட்டாங்க, மலைக்கோட்டையைக் காட்டினா? போகத்தானே செய்வாங்க."

பானுக்கா மறுபடி ஓட விட்டார். மெஷின் ஓடியது, முகங்கள் திரும்பின. அதன் மேல் முதலாளியின் குரலும் வந்தது, ஒரு வார்த்தை குறையாமல். பானுக்கா அந்த இடத்தை வெட்டவில்லை. நகாட்டோ அம்மாள் சிரித்தது வந்தது, விலை சொன்னது வந்தது. படம் முடிந்தது. முதலாளியின் கறுப்புக் கட்டம் அசையாமல் இருந்தது.

"திரும்பி எப்ப வந்தாங்க? குளித்தலை தம்பி, சொல்லுங்க."

"மெஷினை நீங்க போட்டப்ப மேடம்."

"இந்த ஆர்டரை முடிச்சது எந்த இடம்? மறுபடியும் நல்லுசாமி அண்ணே."

நல்லுசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். "முடிச்சது நீதான் பானும்மா. அது குழந்தைக்குக் கூடத் தெரியும். முடிக்கிறவங்கதான் ஹெட்டுன்னு போன தடவை இதே மீட்டிங்ல முதலாளி வாக்குக் குடுத்தாரு. அப்ப நீ ஏன் ஹெட் இல்ல?"

"அது எனக்கான கேள்வி இல்லண்ணே. முதலாளி லைன்லதான் இருக்காரு" என்றார் பானுக்கா. "சார், நல்லுசாமி அண்ணன் உங்களைக் கேக்கறாரு."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அந்த அமைதியை எனக்குத் தெரியும். எத்தனையோ மீட்டிங்கில் பார்த்தது. அன்றைக்கு அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பானுக்கா இருமவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு டீலர் கூடக் கேமராவை அணைக்கவில்லை. பானுக்கா மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்தில் போய்விட்டது.

முதலாளியின் மைக் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. "இதெல்லாம் மீட்டிங்ல பேசற விஷயமா? ஏம்மா பானு, திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கேபினுக்கு வா. பேசிக்கலாம்."

"திங்கக்கிழமை ஏழரை டூ ஒன்பது ராகு காலம் சார்" என்றார் பானுக்கா. குரலில் கேலியே இல்லை. அவ்வளவு கோபத்தை அவ்வளவு மரியாதையாக நான் கேட்டதில்லை. "இப்ப நல்ல நேரம். எல்லாரும் இருக்காங்க. இப்பவே சொல்லிடுங்க."

யாரோ ஒரு டீலர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். முதலாளி பெருமூச்சு விட்டது எல்லா ஊரிலும் கேட்டிருக்கும்.

"சரி. பானுமதிதான் ஹெட். மாப்பிள்ளை அவங்ககிட்ட வேலை கத்துக்கட்டும். போதுமா?"

நல்லுசாமி கையெடுத்துக் கும்பிட்டார். பானுக்கா கும்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. வாக்கில் இருந்ததைத்தானே கொடுத்தார், அதற்கு எதற்கு நன்றி. ரெக்கார்டிங்கைப் பின்னால் நகர்த்தி, நாதஸ்வரம் ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். சேர்ந்த நாளிலிருந்து யாரும் அந்தப் பட்டறையில் கூப்பிடாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"மாதவன், இந்தக் கேள்வி உங்களுக்கு. அவங்க மெஷினைக் கேட்டப்ப நீங்க என்ன செஞ்சிருக்கணும்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.